ஒரே சஹன், வேறு கிருமி

அக்டோபர் 7, திங்கள்

இந்த நோட்டு என்னுடையது அல்ல. என் மச்சான் மொகுதூமின் வயிற்றினுடையது.

போன வாரம் கடைத்தெருவில் நின்றபடியே மச்சான் ரத்த வாந்தி எடுத்தார். திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தொண்டை வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் சட்டைப் பொத்தான் அகலத்துக்குப் புண். புண்ணின் ஓரத்தில் சதைத் துணுக்கு கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது புற்றா, வெறும் புண்ணா என்று அடுத்த திங்கள்தான் தெரியும்.

"வீட்ல யாருக்காவது வயித்துல கட்டி, கேன்சர்னு இருந்துச்சா?" என்று டாக்டர் ஜெபசெல்வி அம்மா கேட்டார். "இல்லம்மா. எங்க உம்மா வயசாகி மவுத்தானாங்க" என்றார் மச்சான். தினமும் என்ன சாப்பிடுகிறார், எப்போது வலிக்கிறது என்று எழுதிக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார் அந்த அம்மா.

பாத்திரக்கடைக்காரருக்கு எழுத்து வேலை ஆகாது. "மச்சான், நீங்க முப்பத்தோரு வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல எழுதின கை. நான் சாப்பிடுறேன், நீங்க எழுதுங்க" என்று நோட்டை என் மடியில் போட்டுவிட்டார். என்ன நியாயமான பங்கீடு!

அவர் என் மனைவி ராவியாவின் அண்ணன். அவள் 'காக்கா' என்பாள். எங்கள் காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியிருப்பான். ஆகவே அவர் பிறந்த வீட்டில் நான் இருக்கிறேன், அவர் இரண்டு தெரு தள்ளி அவருடைய பெண்டாட்டி வீட்டில் இருக்கிறார். ஆனால் காலையில் பசியாற மட்டும் இங்கே வந்துவிடுவார். தங்கச்சி கை இட்லி தொண்டையில் இறங்கினால்தான் அவருக்குப் பொழுது விடியும்.

டாக்டர் அம்மா, நீங்கள் இதைப் படிக்கும்போது என் வீட்டுக் கதையும் இடையில் வரும். வெறும் இட்லியை மட்டும் எண்ணி எழுத எனக்கு வராது. மன்னிக்கவும். டிசம்பர் 29 என் மகள் முஃபீதாவுக்கு நிக்காஹ். அதற்குள் மச்சானை எனக்குச் சரியாக்கித் தந்துவிடுங்கள்.

அக்டோபர் 8, செவ்வாய்

காலை 8: மூன்று இட்லி, சட்னி இல்லை. 9.30: வலி. "அம்மிக் குழவியை உள்ள வச்சு உருட்டுற மாதிரி" என்றார். 11: பால். மதியம்: மோர்ச் சோறு. மாலை: ஒன்றுமில்லை என்று சாதித்தார். சட்டைப் பையில் எண்ணெய்க் காகிதம் இருந்தது. "மணம் பார்க்கத்தான் வாங்கினேன் மச்சான்." அரிசிமாவில் இறால் வைத்துப் பொரித்த வாடாவை மணம் பார்க்க வாங்குகிற மனிதனை இன்றுதான் பார்க்கிறேன்.

நான்: ஆறு இட்லி, நேற்றைய மீன் ஆணம். என் வயிறு கல்லைப் போட்டாலும் கரைக்கும்.

ராவியா: கஞ்சி. இட்லி மாவு அரைத்தவளுக்கு இட்லி பிடிக்கவில்லையாம்.

அக்டோபர் 10, வியாழன்

மழை. மச்சான் குடையை மறந்து வந்து, என் குடையை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு இட்லி. வலி குறைவு.

ராவியா இன்று நோன்பு. திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடியவேண்டும் என்ற நேர்ச்சை போலிருக்கிறது. நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழம், அரைத் தம்ளர் கஞ்சி.

"இவ்வளவுதானா புள்ள?"

"சமைக்கிறவளுக்கு மணமே பாதிச் சோறுங்க."

மச்சானுக்காக வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்த ரோஸ் நிற வயிற்று மருந்து பாதி பாட்டில் காலி. காலையில் அரை மணி நேரம் வந்து போகிறவர் இத்தனை மூடி எப்போது குடிக்கிறார் என்று கேட்கவேண்டும்.

அக்டோபர் 14, திங்கள்

புற்று இல்லை. அல்ஹம்துலில்லாஹ்!

டாக்டர் அம்மா சொல்லி முடிக்கும் முன்னே நான் மச்சானைக் கட்டிப்பிடித்துவிட்டேன். "விடுங்க மச்சான், புண்ணு இன்னும் இருக்கு" என்றார் மனுசன். இரைப்பையில் குடியிருக்கும் ஒரு கிருமிதான் புண்ணுக்குக் காரணமாம். பதினான்கு நாள் மாத்திரை, ஒரு வேளை கூடத் தப்பக்கூடாது.

சந்தோஷமாக மருந்து வாங்கும் வரிசையில் நின்றேன். அங்கேதான் என் சந்தோஷத்துக்கு வேட்டு வைத்தார்கள். சீட்டைப் பார்த்த மருந்துக்காரர், "இது வாய்க்கு வாய் பரவுற கிருமி சார். ஒரே தட்டுல சாப்பிடுறவங்க யாரும் இருந்தா ஜாக்கிரதை" என்றார்.

ஒரே தட்டு! எங்கள் ஊர் விருந்து எல்லாமே ஒரே தட்டுதான். சஹன் என்று பெயர். அகலத் தட்டில் நெய்ச்சோறு, களறிக்கறி, கத்தரிக்காய் பருப்பு. இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து ஒரு சஹனில் உண்ண வேண்டும். ஒருவன் முதலில் முடித்துவிட்டால் எழக்கூடாது. மற்றவன் முடிக்கும் வரை கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, சும்மா இரண்டு பருக்கையை உருட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதுதான் மரியாதை.

நான் இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்த முதல் விருந்தில் எதிரே வந்து உட்கார்ந்தவர் மொகுதூம் மச்சான். அன்றிலிருந்து இருபத்தெட்டு வருடம் எங்கள் ஜோடி மாறவில்லை. நல்ல கறித்துண்டை என் பக்கம் தள்ளுவார், நான் கத்தரிக்காயை அவர் பக்கம் தள்ளுவேன்.

அவர் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி வந்து உட்காருகிறவர். நான் தண்ணீரைத் தொட்டுக் கழுவிய மாதிரி காட்டுகிறவன். கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் லாட்ஜில் தங்கிக் கண்ட ஹோட்டலிலும் தின்றவனும் நான்தான். யார் யாருக்குக் கொடுத்திருப்பார்கள் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு எதற்கு?

அக்டோபர் 15, செவ்வாய்

மச்சான் என்ன சாப்பிட்டார் என்று இன்று பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

மேலத்தெருவில் கல்யாண விருந்து. மச்சானுக்குக் காரமில்லாமல் வெறும் நெய்ச்சோறும் பருப்பும் சாப்பிட அனுமதி கிடைத்திருந்தது. வழக்கமான மூலையில், எதிர் இடத்தில் தன் தொப்பியைக் கழற்றி வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார்.

நான் வேண்டுமென்றே தாமதமாகப் போய், வாசலோரம் தனியாக நின்ற வெளியூர்க்காரர் ஒருவருடன் உட்கார்ந்துவிட்டேன். "விருந்தாளியைத் தனியா விடக்கூடாதுல்ல மச்சான்" என்று தூரத்திலிருந்தே கத்தினேன். அவர் தலையாட்டினார். தொப்பியை எடுத்துத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார்.

அந்த வெளியூர்க்காரர் எல்லாக் கறியையும் அவரே தின்றுவிட்டார். எனக்கு வேண்டியதுதான்.

அக்டோபர் 22, செவ்வாய்

ராவியாவிடம் பென்ஷன் வேலை என்று சொல்லிவிட்டு வெறும் வயிற்றோடு திருநெல்வேலிக்கு பஸ் ஏறினேன். டாக்டர் ஜெபசெல்வி அம்மாவிடம் போய் நின்று, "குற்றவாளி வந்திருக்கேம்மா" என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒரே தட்டுல சாப்பிடுறவங்ககிட்ட இருக்கறது ஒரே ரகக் கிருமியா, வேற வேற ரகமான்னுதான் நாங்க ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கோம். உங்க மச்சானோட கிருமியை வளர்த்து வச்சிருக்கோம். உங்களோடதையும் குடுத்தா ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்" என்றார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

தொண்டை மரத்துப்போக மருந்தை அடித்துக் குழாயை இறக்கினார்கள். எனக்குக் குமட்டியதில் பக்கத்து அறைக்காரர் எழுந்து ஓடியிருப்பார். கிள்ளிய துணுக்கை மஞ்சள் நிற மருந்தில் போட்டார்கள். சிறிது நேரத்தில் அது ரோஸாக மாறியது. கிருமி இருக்கிறது! ஆனால் புண் ஒன்றும் இல்லையாம். "வயிறு பளிங்கு மாதிரி இருக்கு" என்றார்.

பளிங்கு எதற்கு எனக்கு? கிருமியை வைத்திருந்தவன் நான், புண்ணை வாங்கியவர் மச்சான்.

"ரகம் என்னன்னு தெரிய மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள நீங்களே தீர்ப்பு எழுதிடாதீங்க" என்றார் டாக்டர். நான் எப்போதோ எழுதியாகிவிட்டது.

அக்டோபர் 24, வியாழன்

கல்யாணத்துக்கு ராவியாவுக்குச் சட்டை தைக்கத் தையல்காரி வந்து அளவெடுத்தாள். போன பெருநாள் அளவுக்கு இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறாளாம். "மவ கல்யாணத்துல உம்மாவும் அழகா நிக்கணும்ல" என்று சிரித்தாள் ராவியா. "நீதான் புதுப்பொண்ணு மாதிரி இருக்கே" என்று நானும் ஒரு போடு போட்டேன். மீன் கழுவும்போது மோதிரம் கழன்று விழுந்ததால் அதில் நூல் சுற்றியிருக்கிறாள்.

இன்று அவளுக்கு நோன்பு. மச்சான் மூன்று இட்லி, வலி இல்லை. ரோஸ் மருந்து தீர்ந்துவிட்டது, வேறு பாட்டில் வாங்கினேன்.

அக்டோபர் 28, திங்கள்

மச்சானுக்கு மாத்திரை முடிந்தது. ஐந்து நாளாக வலி இல்லை. "மச்சான், என் வயிறு இப்ப புது சில்வர் குடம்" என்று தட்டிக் காட்டினார். பாத்திரக்கடை புத்தி.

நவம்பர் 3, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

இன்னொரு விருந்து. இந்தத் தடவை மச்சான் வாசலிலேயே நின்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் எதிரில் உட்கார வைத்தார். பிஸ்மி சொல்லிக் கையை வைத்தேன். நல்ல நல்லித் துண்டாக ஒன்றை என் பக்கம் தள்ளினார். அந்தத் துண்டில் அவர் விரல் பட்ட இடத்தையும், சோற்றில் என் விரல் பட்ட இடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். புது சில்வர் குடத்தில் மறுபடியும் என் அழுக்கைப் போடவா? நான்கு வாய். ஐந்தாவது வாய் இறங்கவில்லை. எழுந்துவிட்டேன்.

அவர் பாதி கூடச் சாப்பிடவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் நான் அவரைச் சஹனில் விட்டு எழுந்தது இதுதான் முதல் தடவை. பக்கத்துச் சஹன்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

தெருவில் என்னைப் பிடித்துவிட்டார்.

"எனக்குப் புண்ணுன்னு தெரிஞ்சதுலேர்ந்து பார்க்குறேன். அருவருப்பா இருக்கா மச்சான்?"

"என்ன பேச்சு இது?"

"பின்ன என்னத்துக்கு ஓடுறீங்க? டாக்டரு கிருமி போயிடும்னு சொல்லித்தானே மாத்திரை குடுத்தாங்க? வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

உங்களுக்குப் புண் வந்ததே என்னால்தான் என்று தெருவில் நின்று எப்படிச் சொல்வேன்?  "நல்லது மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த "நல்லது" இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 4, திங்கள்

மச்சான் பசியாற வரவில்லை. மூன்று இட்லியும் தட்டிலேயே ஆறிப்போயின.

"காக்காகிட்ட என்ன சொன்னீங்க?" என்று ராவியா பிடித்துக்கொண்டாள். திருநெல்வேலிக்குப் போனது முதல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "என் எச்சில்தான் புள்ள உன் காக்காவை இந்தப் பாடு படுத்திச்சு" என்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லைங்க" என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்றும் நோன்பு அவளுக்கு. படியேறினால் மூச்சு வாங்குகிறது. கல்யாண வேலை ஒன்றையும் விடமாட்டேன் என்கிறாள், பிடிவாதக்காரி.

நவம்பர் 11, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

டாக்டர் அம்மா எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார். ஒரே பஸ்ஸில் போனோம். அவர் முன் சீட்டில், நான் பின் சீட்டில். அறுபது வயதுக்காரர்கள் இருவர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனோம்.

அறையில் உட்கார்ந்ததும் டாக்டர் கேட்டார்: "ரெண்டு பேரும் ஏன் நாற்காலியை இவ்ளோ தள்ளிப் போட்டிருக்கீங்க?"  அவராகவே மச்சானிடம் சொல்லிவிட்டார், நான் குழாய் விழுங்கிய கதையை. மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் திறமை போதாது.

"கேட்டுக்கோங்க ரெண்டு பேரும்" என்றார் டாக்டர். "கிருமிக்குப் பேரு ஒண்ணுதான். ஆனா அதுல ரகம் நிறைய. மொகுதூம் சார்கிட்ட இருக்கற ரகத்துக்கு ஊசி மாதிரி ஒரு ஆயுதம் இருக்கு. இரைப்பைத் தோல்ல குத்தி உள்ள விஷத்தை இறக்கும். புண்ணு, சில பேருக்குக் கேன்சர் வரைக்கும் கொண்டு போறதுல இந்த ரகத்துக்குப் பங்கு அதிகம். உவைஸ் சார்கிட்ட இருக்கறதுக்கு அந்த ஊசியே கிடையாது. உங்க ரெண்டு பேரோட கிருமிக்கும் சொந்தமே இல்ல."

மிளகாய் ஞாபகம் வந்தது எனக்கு. எல்லாம் மிளகாய்தான். ஒன்று மோரில் ஊறப் போட்டால் குழந்தை கூடத் தின்னும், இன்னொன்று வாயைப் பொசுக்கிவிடும்.

"அப்ப நான் குடுக்கலையா?"

"நீங்க குடுக்கல. அவரும் உங்களுக்குக் குடுக்கல. பெரியவங்க ஒரே தட்டுல சாப்பிட்டா உடனே ஒட்டிக்கும்னு நெனைக்காதீங்க. பெரும்பாலும் இது சின்ன வயசுலயே வீட்டுக்குள்ள வந்துடும், அம்மாகிட்டேர்ந்து பிள்ளைக்கு. ரகம் மட்டுமே எல்லாத்தையும் தீர்மானிக்கிறதும் இல்ல. உப்பு, புகை, அவங்கவங்க உடம்பு, எல்லாம் சேரணும்."

மச்சான் நாற்காலியோடு நகர்ந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "கிறுக்கு மச்சான்! இதுக்கா நல்லியை விட்டுட்டு எந்திரிச்சீங்க?" இருவர் கண்ணிலும் தண்ணீர். டாக்டர் சிரித்துக்கொண்டே நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, எங்களை டீ குடிக்க அனுப்பினார்.

திரும்பி வந்தபோது அவர் சிரிக்கவில்லை. நோட்டில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். "கோடு போட்ட இடத்தை மட்டும் படிங்க சார்" என்றார்.

படித்தேன். 'ராவியா: கஞ்சி.' 'அரைத் தம்ளர் கஞ்சி.' 'பாதி பாட்டில் காலி.' 'இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறாளாம்.' 'மோதிரம் கழன்று விழுந்ததால்.' 'படியேறினால் மூச்சு வாங்குகிறது.'

மச்சானைப் பற்றிய ஒரு வரியிலும் கோடு இல்லை.

"இவங்க மொகுதூம் சாரோட கூடப் பிறந்தவங்கதானே? ஒரே அம்மா கையில சாப்பிட்டு வளர்ந்தவங்கதானே? அவங்ககிட்டயும் இதே ரகம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்த வாரமே கூட்டிட்டு வாங்க. கல்யாண வேலைன்னு தள்ளாதீங்க."

எல்லாம் என் கையெழுத்து. ஒவ்வொரு நாளும் பார்த்து, கேட்டு, எழுதி, சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன். அடுத்தவன் வயிற்றைக் காக்க நோட்டுப் போட்டவன் தன் பெண்டாட்டி வயிற்றைப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது மச்சானும் நானும் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தோம், நடுவில் அந்த நோட்டு.

நவம்பர் 12, செவ்வாய்

விடியலில் ஃபஜ்ரு தொழுத கையோடு அடுப்படியில் போய் நின்றேன். ரோஸ் மருந்தின் மூடி அவள் கையில் இருந்தது. மறைக்கப் பார்த்தாள்.

"எத்தனை மாசமா புள்ள?"

"ஏழு."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஏழு மாசமா என்னத்துக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தே? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கத்திவிட்டேன். கத்தியபின் எனக்கே அழுகை வந்தது. அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். நோயாளி அவள், அழுகிறவன் நான்.

அப்புறம்தான் சொன்னாள். "நீங்க இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முந்தி, உம்மாக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சிது. கஞ்சி இறங்கும், சோறு இறங்காது. இளச்சாங்க. கடைசியில வயித்துல கட்டின்னு சொன்னாங்க. காக்கா அப்ப கொழும்புல இருந்தாங்க, வேலையப் போட்டுட்டு வந்துருவாங்கன்னு உம்மா சொல்ல விடல. மவுத்தான பொறவு வயசாகித்தான்னு சொல்லிட்டோம். நான்தான் கிட்ட இருந்து பார்த்தேன். எனக்கும் அதேதான்னு நெனச்சேன். கல்யாணம் முடியட்டும், முஃபீதா சிரிச்ச முகத்தைப் பார்த்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

நோன்பெல்லாம் சாப்பிட முடியாததை மறைக்கத்தான். நேர்ச்சை என்று எழுதி வைத்திருக்கிறேன் நான், மடையன்.

மச்சான் பசியாற வந்தவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். உள்ளே வந்து அடுப்படித் தரையில் தங்கச்சி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உம்மா எப்படிப் போனார் என்பது முப்பது வருடம் கழித்து இன்றுதான் அவருக்குத் தெரிகிறது.  பிறகு அவள் தலையில் கையை வைத்தார்.

"உம்மா வாயில மென்னுதானே நமக்கு ஊட்டுவாங்க, ஞாபகம் இருக்கா? ஒரு வாய் எனக்கு, ஒரு வாய் உனக்கு. பிரியமாத்தான் குடுத்தாங்க. எனக்கு வந்தது மாத்திரையில போயிடுச்சில்ல? உனக்கும் போயிடும். கிளம்பு புள்ள."

நவம்பர் 14, வியாழன்

குழாய் இறங்கும்போது என் விரல்களைப் பிடித்து நசுக்கினாள். ஒரு சத்தம் போடவில்லை. நான் போட்ட கூச்சலை நினைத்து வெட்கமாக இருந்தது.

இரண்டு புண். அருகே தோல் நிறம் மாறிய ஓரிடம். ஆறு துணுக்கு எடுத்தார்கள். மஞ்சள் மருந்து நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் ரோஸாகிவிட்டது. ரத்தம் குறைவு என்று அதற்கும் மருந்து. நாளை முதல் பதினான்கு நாள் மாத்திரை. எனக்கும் சேர்த்தே கொடுத்துவிட்டார்.

அக்டோபரில் மச்சானின் துணுக்குக்குக் காத்திருந்தபோது, இதற்கு மேல் ஒரு பயம் கிடையாது என்று நினைத்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

ராவியா. காலை 8: கஞ்சி, முழுத் தம்ளர். 10.20: வலி. 12: மசித்த சோறு, மூன்று கவளம். மாத்திரை இரண்டு வேளையும் என் கண் முன்னால் விழுங்கினாள்.

பக்கத்தின் மேலே அவள் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன். இனி அப்படித்தான்.

நவம்பர் 18, திங்கள்

நோன்பு கிடையாது என்று டாக்டர் உத்தரவு. அரை இட்லி. மாத்திரையால் வாயெல்லாம் கசப்பு என்றாள். எனக்கும்தான். மகளிடம் சொல்லியாகிவிட்டது. அழுது தீர்த்துவிட்டு உம்மாவை அடுப்படிப் பக்கமே விடுவதில்லை. அவள் வைத்த ஆணத்தில் உப்பே இல்லை. நல்லது, உப்பு குறைக்கத்தான் சொன்னார்கள்.

நவம்பர் 20, புதன்

நாளைக்கு. வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

நவம்பர் 21, வியாழன்

புற்று இல்லை.

மறுபடி எழுதுகிறேன், பார்க்க நன்றாக இருக்கிறது. புற்று இல்லை.

ஆனால் அந்த நிறம் மாறிய இடத்தில் இரைப்பைத் தோல் வேறு மாதிரி மாற ஆரம்பித்திருக்கிறதாம். கிருமியை ஒழித்துவிட்டு வருடா வருடம் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். "அம்மாவுக்கு இருந்ததை முதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பேன். இன்னும் ரெண்டு மூணு வருஷம் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் அதை முடிக்கவில்லை. அவளுடையதும் அண்ணனுடைய அதே ரகம்தானா என்பது இன்னும் வரவேண்டும். எனக்குச் சந்தேகமில்லை.

ராவியா கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப பேரப்புள்ளைய தூக்கலாம், இல்லையா டாக்டர்?" முஃபீதாவுக்கு இன்னும் நிக்காஹே ஆகவில்லை!

டிசம்பர் 5, வியாழன்

தோசை. முழுசாக ஒன்று. இன்னொன்று கேட்டாள். நான் ஓடிப்போய்ச் சுட்டேன், கருகிவிட்டது. தின்றாள்.

டிசம்பர் 12, வியாழன்

மாற்றித் தைத்த சட்டை இறுக்குகிறது என்று தையல்காரியை மறுபடி கூப்பிட்டார்கள். தையலைப் பிரிக்க வேண்டுமாம். முணுமுணுத்தாள். நான் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

டிசம்பர் 26, வியாழன்

கிருமி போய்விட்டதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை. ஒரு மருந்தைக் குடித்துவிட்டுப் பையில் ஊத வேண்டும். மச்சான் ஊதிய வேகத்தில் பை பறந்திருக்கும். "மெதுவா சார், அடுப்பு ஊதல" என்றார் நர்ஸ்.

மூவருக்கும் இல்லை. ராவியாவின் கிருமி முடிவும் வந்திருந்தது. அண்ணனுடைய அதே ரகம், அதே ஊசி. "கூடப் பிறந்தது மாதிரியே இருக்கு" என்றார் டாக்டர். போய்விட்ட கிருமிக்கு என்ன சொந்தம் வேண்டியிருக்கிறது, போகட்டும்.

நோட்டை அவரிடமே கொடுக்கப் போனேன். "வச்சுக்கோங்க சார். எழுதுறதை விட்டுடாதீங்க. எழுதினதைப் படிக்கவும் செய்யுங்க" என்றார்.

டிசம்பர் 29, ஞாயிறு

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. முஃபீதா சிரித்த முகத்தை அவள் உம்மா பார்த்தாள். நானும் பார்த்தேன்.

விருந்தில் மச்சான் வழக்கமான மூலையில் தொப்பியை வைத்திருந்தார். நான் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு போனேன். "யாரது, ஆள் மாறி வந்துட்டீங்களா?" என்றார். கறியைத் தள்ளினார், கத்தரிக்காயைத் தள்ளினேன். நான் முதலில் முடித்துவிட்டுக் கையைத் தட்டில் வைத்துக் காத்திருந்தேன். மனுசன் வேண்டுமென்றே ஒவ்வொரு பருக்கையாகத் தின்றார்.

மாலை அஸர் தொழுகை நேரத்தில் வீடு ஓய்ந்தது. ராவியா சாப்பிட்டாளா என்று கேட்டேன். எல்லோரையும் கவனித்ததில் இன்னும் இல்லையாம். நேரே விருந்து சமைத்த இடத்துக்குப் போய், காரமில்லாத கறியாகப் பார்த்து ஒரு சஹன் வாங்கி, நானே தூக்கிக்கொண்டு தெரு வழியாக வந்தேன். மாமனார் ஆன அன்றைக்கே இந்தக் கோலமா என்று ஒருத்தர் கேட்டார். ஆமாம் என்றேன்.

உள்ளறையில் பாயைப் போட்டு வைத்தேன்.

"என்னங்க இது? நான் தனியா எப்படி ஒரு சஹன் தின்னுவேன்?"

"தனியா யாரு சொன்னது?" என்று எதிரில் உட்கார்ந்தேன்.

"நீங்கதான் காக்காவோட சாப்பிட்டுட்டீங்களே. பொம்பளையாளுங்க பார்த்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கல்யாண வீடுதானே."

இருபத்தெட்டு வருடம் ஊர் விருந்திலெல்லாம் அவள் அண்ணன் விரலை மனப்பாடம் செய்திருக்கிறேன். வீட்டில் நான் தின்று எழுந்தபின் அவள் தனியாக என்ன தின்கிறாள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தது கிடையாது. அவள் சோற்றைச் சிறிது சிறிதாகப் பிசைந்து, வலது ஓரத்திலிருந்து சாப்பிடுகிறாள். கறித்துண்டை என் பக்கம் தள்ளினாள். நான் திருப்பித் தள்ளினேன்.

எனக்கு வயிற்றில் இடமே இல்லை. நான்கு வாயோடு நிறுத்திவிட்டேன். அவள் மெதுவாகத்தான் சாப்பிடுகிறாள், டாக்டர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். மகரிபுக்குப் பாங்கு சொல்லப் போகிறார்கள், எழுங்கள் எழுங்கள் என்றாள். கடைசிப் பருக்கையை அவள் எடுக்கும் வரை நான் கையை எடுக்கவில்லை.